வேலிக்கு வெளியே டேலியா

எங்கள் குடியேற்றக் கிராமத்தில் எல்லாருக்கும் வேலி உண்டு. சிலருக்குத் தென்னங்கிடுகு, சிலருக்கு முள்ளுக்கம்பி, வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு மதில். செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ மல்லிகையோ, பூ வைப்பவர்கள் வேலிக்கு உள்ளேதான் வைப்பார்கள். அந்த ஒரு மனுசி மட்டும் வெளியே வைத்தார்.

வெளியே என்றால் வாய்க்கால் றோட்டின் விளிம்பில். ட்ரக்டர் போனால் சேறு தெறிக்கும். மாடு உரசிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பொடியள் கையை நீட்டினால் எட்டும். அந்த இடத்தில் டேலியா. கிளிநொச்சி வெயிலில் டேலியா!

நான் அப்போது உயர்தரத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை அன்றைக்கே யாருக்காவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் வயது. சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

“அன்ரி, இது மலைநாட்டுப் பூ. இரவில குளிர் வேணும். இஞ்ச வராது.”

குனிந்து மண் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

“வராதுன்னு யாரு சொன்னா பாப்பா? மண்ணு சொல்லிச்சா?”

“புத்தகத்தில இருக்கு.”

“அப்ப புத்தகத்துல நடாத.”

நியாயமாகச் சொன்னால் புத்தகம் முழுப் பொய் சொல்லவில்லை. மலையில் டேலியா சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் பூக்குமாம். இங்கே தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுதான். தண்டும் மெலிவு, தடி ஊன்றிக் கட்டாவிட்டால் தலை சாய்ந்துவிடும். ஆனால் அந்த நிறம்! பீற்றூட்டைக் குறுக்கே வெட்டினால் வருமே, கறுப்பில் போய் முடிகிற சிவப்பு, அது. மாசி கடைசியில், மாரியின் ஈரம் மண்ணில் இன்னும் மிச்சமிருந்து வெயில் கடிக்கத் தொடங்காத அந்தக் கொஞ்சக் காலத்தில் அது பூக்கும். வன்னிக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் பங்குனி வந்து பூவையெல்லாம் கருக்கிவிடும்.

அந்தக் கொஞ்சக் காலத்துக்காக அவர் வருசம் முழுக்கச் சண்டை பிடித்தார். அந்தச் சண்டையைத்தான் நான் பார்த்தேன்.

சேலைக்கு மேல் எந்நேரமும் ஒரு ஆம்பிளைச் சேட்டு. முழுக்கை, பொத்தான் போடாதது. ஊரில் யாருடைய வயலிலும் களை பிடுங்கப் போவார், நாற்று நடப் போவார். ஒரே மகள் கல்யாணம் கட்டிப் புளியங்குளத்தில். தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்து, அங்கே கலவரத்தில் வீடுகள் எரிந்த ஒரு காலத்தில் தாயோடு வன்னிக்கு வந்தவர். வரும்போது தாயின் மடியில் இருந்தது ஒரு கைப்பிடிக் கிழங்கு. அந்தக் கிழங்கின் பிள்ளை, பிள்ளையின் பிள்ளைதான் றோட்டோரத்தில் நின்றவை.

“இதத் தூக்கிட்டு எத்தன தடவ ஓடியிருக்கேன் தெரியுமா?” என்று ஒருமுறை சொன்னார். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. அந்த யுத்த காலத்து ஓட்டத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

பூவின் பெயரை யார் கேட்டாலும் டேலியா என்று சொல்லமாட்டார்.

“தோட்டக்காட்டுப் பூங்க” என்பார். முகத்தை நேரே பார்த்துச் சொல்வார்.

கேட்டவர்களுக்கு நாக்கு ஒட்டிவிடும். ஏனென்றால் மலைநாட்டுச் சனத்தை இங்கே முதுகுக்குப் பின்னால் சொல்லும் சொல் அது. தோட்டக்காட்டான், தோட்டக்காட்டாள். எங்கள் அம்மாவும் சொல்வா. யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்த குடும்பம் நாங்கள், அந்த நினைப்பு அம்மாவுக்கு எப்போதும் உண்டு. அம்மா சொன்னது ஒருநாள் வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். மறுநாளில் இருந்துதான் பூவுக்கு அந்தப் பெயர்.

போதாததற்கு அவர் அம்மாவை “அக்கா” என்று கூப்பிடுவார்.

“நான் அவளுக்கு அக்காவோ? என்னைவிட மூத்தவள்!” என்று அம்மா குசினி அடுப்படியில் நின்று கொதிப்பா. வெளியில் போய்ச் சொல்ல மாட்டா.

எங்கள் பசு ஒருமுறை அவிழ்த்துக்கொண்டு போய் இரண்டு டேலியாவைக் கடித்துவிட்டது. அவர் கத்தவில்லை, திட்டவில்லை. பசுவைத் தன் வேலியில் கட்டினார். தண்ணீர் வைத்தார், வைக்கோல் போட்டார். பின்னேரம் பாலைக் கறந்து எடுத்துவிட்டுப் பசுவை மட்டும் ஓட்டிக்கொண்டு எங்கள் வாசல் படலைக்கு வந்தார்.

“அக்கா, ஒங்க மாடு.”

அம்மா பசுவின் மடியைத் தடவிப் பார்த்தா. “பால் எங்க?”

“என் பூ எங்க?”

அப்பா தின்ற சோறு புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார். அம்மா அன்றைக்கு அப்பாவோடும் கதைக்கவில்லை.

சித்திரை வந்து இலை கருகத் தொடங்கினால் அவர் கிழங்குகளைத் தோண்டி எடுப்பார். கழுவமாட்டார். சாம்பலும் மணலும் கலந்து சட்டிகளில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவார். அதற்குப் பிறகு சோளகக் காற்று. அந்தக் காற்று ஆளையே கருவாடாக்கும், கிழங்கு எம்மட்டு? அடிக்கடி சட்டிகளுக்குத் தண்ணீர் தெளிப்பார்.

“அன்ரி, கூடத் தெளிச்சா அழுகும்” என்பேன்.

“காஞ்சு சாகுறதுக்கு நனஞ்சு சாகட்டும்.”

அழுகியது. பாதி அழுகியது! நான் சொன்னேனே என்று போய் நின்றேன். அவர் அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்துக்கும் தண்ணீர் தெளித்தார். இவ்வளவு பிடிவாதமான ஒரு பிழையை நான் அதற்கு முதல் கண்டதில்லை. கோபத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெரேனியம் பூச்செடி ஒன்றும் வைத்திருந்தார், மகள் எங்கேயோ வாங்கிக் கொடுத்தது. அதை உள்ளே தூக்கிவைக்க வேண்டியதுதானே? மாட்டார். றோட்டோரத்தில் வைத்து, தன் குடையை விரித்து அதற்கு மேல் கட்டிவிட்டு, உச்சி வெயிலில் வெறுந்தலையோடு களை பிடுங்கப் போவார். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். “உதென்ன, பூவுக்குக் காய்ச்சலோ?” என்று ஒருவர் கேட்டார். ஒருநாள் குடையை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் அந்த இடத்தில் நான்கு தடி ஊன்றி, பழைய சேலை ஒன்றைக் கிழித்துப் பந்தல் போட்டிருந்தார். சேலையின் கரை மினுங்கியது. கல்யாணச் சேலை மாதிரி இருந்தது.

“ஏன் அன்ரி உள்ளுக்கு வைக்கக்கூடாது?” என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“உள்ள வச்சா நான் மட்டுந்தான் பாக்கணும். எனக்குத்தான் வரும்னு தெரியுமே. வராதுன்னு சொன்னவங்கதானே பாக்கணும்.”

இனி அந்த மார்கழிக்கு வருகிறேன்.

மழை விடாமல் பெய்து குளம் முட்டிவிட்டது. வான்கதவு திறக்கப் போகிறார்கள், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ என்று ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ றோட்டு றோட்டாகக் கத்திக்கொண்டு போனது. எங்கள் வளவுக்குத் தண்ணீர் வராது, அது மேடு. காணி பிரித்த காலத்தில் முதலில் வந்தவர்களுக்கு மேடு கிடைத்தது. பிறகு மலையில் இருந்து அடிபட்டு வந்தவர்களுக்கு வாய்க்காலோடு ஒட்டின பள்ளம். ஒவ்வொரு மாரிக்கும் தண்ணீர் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். ஆனாலும் கதவு திறக்கும்போது மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாரையும் ஏற்றுவார்கள்.

ட்ரக்டர் பெட்டியில் சனம் ரீவியோடும் காஸ் சிலிண்டரோடும் ஏறியது. அவர் ஒரு உரப்பையோடு ஏறினார். பைக்குள் கிழங்கு. சட்டி பாரம் என்று கொட்டிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த கிழமை நடவேண்டிய கிழங்குகள். கண் விழித்து, கழுத்தடியில் பச்சையாக முளை தள்ளிக்கொண்டிருந்தவை. அந்த வருசம் அழுகினது போக மிஞ்சியது அந்தப் பை மட்டும்தான். அது போனால் மலையில் இருந்து வந்த அந்தச் சிவப்பு முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பும் ஒழுகியது. நனையாத ஒரே மூலை, சமையல் சாமான் அடுக்கின மூலை. அவர் பையைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். பக்கத்தில் விசுவமடுப் பக்கத்து ஆட்கள் கொண்டுவந்து இறக்கின பூசணிக்காய், வெங்காயம், மூட்டை மூட்டையாக வத்தாளங்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்பார்களே, அது.

எங்கள் அம்மா எங்கே போனாலும் குசினிக்குப் பொறுப்பு. அங்கேயும் அப்படித்தான். மறுநாள் மத்தியானம் கிடாரம் வைத்துச் சோறும் சாம்பாரும். சாப்பிடும்போது ஒரு சின்னப் பிள்ளை, “இந்தக் கிழங்கு இனிக்கேல்லை” என்று சிணுங்கியது.

“மழைக்குள்ள கிடந்த கிழங்கு, அப்பிடித்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு” என்றா அம்மா.

அவர் நல்ல பசியில் இருந்தார். இரண்டாந்தரம் சாம்பார் கேட்டு வாங்கினார். வாயில் வைத்த ஒரு துண்டை மெல்லாமல் நிறுத்தி, கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பிப் போய் மூலையைப் பார்த்தார். உரப்பை வெறுமையாகக் கிடந்தது.

“இந்தச் சாக்குல இருந்தத யாரு எடுத்தா?”

“நான்தான்” என்றா அம்மா. “ஏன்?”

“என்னா செஞ்சீங்க?”

“என்ன செய்யிறது, சமைச்சனான். நீயும்தானே சாப்பிட்டனி?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “அம்மா, அது டேலியாக் கிழங்கு!”

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். யாரோ “ஐயோ, நஞ்சோ?” என்று துப்பினார். நஞ்சில்லை, தின்னலாம் என்று நான் கத்தினேன். ஒரு பொடியன் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் அழப்போகிறார் என்று நினைத்தோம்.

அழவில்லை.

“வெட்டுன கழுத்து எங்க?” என்று கேட்டார்.

“என்ன கழுத்து?”

“தண்டோட கட்டையா ஒட்டியிருந்திருக்குமே. அத என்னா செஞ்சீங்க?”

“அதை ஆர் சமைக்கிறது? குப்பைக்குள்ள போட்டது.”

அவர் சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குப்பைக் கிடங்குக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எனக்கும் தெரிந்த விசயம் அது: டேலியாக் கிழங்கில் கண் இல்லை, கண் எல்லாம் கழுத்தில்தான். கிழங்கை எவ்வளவு பத்திரமாக நட்டாலும் கழுத்தில்லாவிட்டால் முளைக்காது. கழுத்தோடு கொஞ்சம் சதை இருந்தால் போதும்.

கிடங்கு முழங்கால் அளவு. மழைத் தண்ணீர், பருப்புக் கழுவின தண்ணீர், வெங்காயத் தோல், யாரோ வெட்டின மீனின் செதில். அவர் இறங்கிவிட்டார். நானும் குதித்தேன். கையால் துழாவித் துழாவி எடுத்தோம். முதலில் வந்தது நசிந்த கழுத்து. அடுத்ததும் நசிந்தது. மூன்றாவதை அவர் விரலால் துடைத்துப் பார்த்தார். முளை முறியாமல் இருந்தது. அதோடு ஒரு விரல் தடிப்புக்குக் கிழங்கும் ஒட்டியிருந்தது.

எங்கள் அம்மாவின் வெட்டு அப்படி. மரக்கறியின் கழுத்துப் பக்கத்தைத் தாராளமாக வெட்டி எறிவா. “பாதிக் கிழங்கைக் குப்பைக்குப் போடுறாய்” என்று அப்பா கல்யாணம் கட்டின நாளில் இருந்து புறுபுறுக்கிற வெட்டு. அந்த ஊதாரி வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

கிடங்கின் விளிம்பில் அம்மா வந்து நின்றா. பின்னால் பாதி முகாம்.

“தெரியாமல் நடந்து போச்சு” என்றா அம்மா.

“தெரியாமத்தான். தெரிஞ்சா வெட்டியிருப்பீங்க?”

“இனி நான் என்ன செய்யிறது? கையெடுத்துக் கும்பிடவோ?”

“கும்புடெல்லாம் வேணாங்க. எடம் வேணும்.”

“என்ன இடம்?”

அவர் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். முழங்கால் வரை சேறு, சேட்டில் வெங்காயத் தோல்.

“இது முளை விட்டிருச்சு, காத்திருக்காது. என் வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. ஒங்க படலைக்கு முன்னால, வேலிக்கு வெளியில, மேட்டுல எடம் வேணும்.”

“எங்கட படலைக்கு முன்னாலயோ?”

“ஆமா அக்கா. பள்ளத்துலயே இருந்து பாத்தாச்சு. தண்ணி வந்து என் வூட்டுக்குள்ள நொழையுறப்ப ஒங்க வாசல்ல கோலம் அழியிறதில்ல. இந்த வருசம் என் பூவு ஒங்க வாசல்ல நிக்கட்டும்.”

அம்மா சனத்தைத் திரும்பிப் பார்த்தா. சனம் அம்மாவைப் பார்த்தது. பதில் சொல்லாமல் அங்கிருந்து நகர முடியாது.

“சரி” என்றா கடைசியில். “ஒரு பக்கம் மட்டும். மற்றப் பக்கத்தால ட்ரக்டர் வரோணும்.”

மறுநாள் எங்களை வீட்டுக்கு விட்டார்கள். அவருடைய வீட்டு யன்னல் வரைக்கும் தண்ணீர் நின்றது. அதைத் திரும்பியும் பார்க்காமல், மடியில் ஈரத் துணியில் சுற்றின கழுத்துகளோடு எங்கள் படலைக்கு வந்து, மண்ணை மேடாக அணைத்து நட்டார். இரண்டு பக்கமும் நட்டார். அம்மா முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா.

அதற்குப் பிறகு எங்கள் படலை அவருடைய ராச்சியம். தண்ணீர் வடிந்து தன் வீட்டைக் கழுவி முடித்த பிறகும் தினமும் வந்தார். பாத்திரம் கழுவின தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றக்கூடாது என்று அம்மாவுக்குக் கட்டளை. மாட்டை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு. கூடத் தண்ணீர் விடாதேங்கோ என்று நான் அவருக்குச் சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு அழுகின. மிச்சம் வந்தன. ட்ரக்டர் ஒருநாள் ஒன்றை ஏற்றி நசித்தது. அது பக்கத்தால் முளைத்தது.

மாசி கடைசியில் முதல் பூ விரிந்த கிழமை, யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியம்மா கல்யாண அழைப்பிதழோடு வந்தா. ஓட்டோவால் இறங்கினவ படலையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டா.

“எடியே தங்கச்சி, இதென்ன நிறம்! என்ன பூ இது?”

அவர் அங்கேதான் குந்தியிருந்து தடி கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கயிறு முடிந்துகொண்டிருந்த விரல் நின்றுவிட்டதை நான் கண்டேன். அம்மாவும் கண்டிருக்க வேண்டும். ஊரெல்லாம் சொல்லும் பெயர் அம்மாவின் வாயில் இருந்து பிறந்தது. இப்போது அதை அவருடைய தலைக்கு மேல் நின்று சொல்ல வேண்டும்.

“அது… எங்கட பூதான்” என்றா அம்மா.

“ஒங்க பூவா?” அவர் எழும்பினார். “ஒங்க பங்கு சாம்பாரோட போச்சுங்க அக்கா. என் பங்கும் கொஞ்சம் போச்சு. நிக்கிறது பூராவும் என்னோடது.”

பெரியம்மா ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

“ஓம், அவான்ர பூதான்” என்றா.

“எனக்கும் ஒரு கிழங்கு தாவன், கொண்டுபோய் வைக்க.”

“என்னைக் கேட்டு என்ன? அவாவைக் கேளுங்கோ.”

பெரியம்மா அவர் பக்கம் திரும்பினா. அவர் சேட்டில் கையைத் துடைத்துக்கொண்டு பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க வைப்பீங்க?”

“உள்ளுக்குத்தான், கிணத்தடியில. நல்ல நிழல்.”

“வேலிக்கு வெளியில வைப்பீங்களா?”

“வெளியில வைச்சா ஆரும் பிடுங்கிப்போடுவினம்.”

“பிடுங்குனா மறுபடி வைங்க.”

“சீச்சீ, அதெல்லாம் ஏலாது.”

“அப்ப கெடையாதுங்க” என்று சொல்லிவிட்டுக் குந்தியிருந்து மிச்சக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

பெரியம்மா வெறுங்கையோடுதான் போனா.

எனக்கு ஒன்று தந்தார், கம்பஸ் படிப்பு முடித்து நான் வேலைக்குப் போகும்போது, அதே நிபந்தனையோடு. வவுனியாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கேற்றுக்கு வெளியே, பஸ் போகும் றோட்டின் விளிம்பில் அதை நட்டிருக்கிறேன். இந்த வெக்கைக்கு இது வராது என்று வீட்டுக்காரர் சொன்னார். போன கிழமை மொட்டு வைத்தது. முந்தநாள் காலையில் பார்த்தால், யாரோ தண்டோடு முறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மண்ணை விலக்கிப் பார்த்தேன். கழுத்து உள்ளே இருக்கிறது.